நாலு யானைக் கட்டம்

ரொம்பக் காலத்துக்கு முன்னே, மழை சொன்ன மாதத்தில் பெய்துகொண்டிருந்த நாளில், பூவிருந்த நாட்டைக் கடம்பராயன் என்றொரு ராசா ஆண்டுவந்தார். நல்ல ராசாதான். ஆனால் காலையில் ஒரு புத்தி, மாலையில் ஒரு புத்தி. புத்தி எப்படி மாறினாலும் கட்டப் புதிர் என்றால் மட்டும் அவருக்கு உயிர்.

அடடா, அதெல்லாம் ஒரு காலம்! வெயில் தாழ்ந்ததும் சபை மண்டபத்துத் தரையில் அரிசி மாவால் கட்டம் போடுவார்கள். அதில்தான் எத்தனை வகை! விளக்குக் கட்டத்தில் எல்லா அறையிலும் வெளிச்சம் படவேண்டும், ஆனால் ஒரு விளக்கின் வெளிச்சம் இன்னொரு விளக்கின்மேல் விழக்கூடாது. வேலிக் கட்டத்தில் உள்ளே எழுதிய எண்ணுக்கு ஏற்றபடி சுற்றிலும் வேலி போடவேண்டும், போட்ட வேலி ஒரே வளையமாக மூடவேண்டும். ராசா கிரீடத்தைக் கழற்றிவைத்துவிட்டுத் தரையில் கவிழ்ந்து படுத்து யோசிப்பார். மீசையில் மாவு ஒட்டும். யாரும் சிரிக்கமாட்டார்கள், எல்லார் மீசையிலும் மாவுதானே! இப்போது நினைத்தாலும் எனக்கு ஏக்கமாகத்தான் இருக்கிறது.

இத்தனை கட்டங்களையும் உண்டாக்கியவர் மந்திரி எட்டியப்பர். அவர் இரண்டு சட்டம் வைத்திருந்தார். ஒன்று, கட்டத்துக்கு ஒரே விடைதான் இருக்கவேண்டும். இரண்டு, கட்டம் போட்டவர் விடையை முன்னமே ஓலையில் குறித்து வைத்திருக்கவேண்டும். அந்த ஓலைதான் தீர்ப்பு. அவர் போட்ட கட்டம் ஒருநாளும் பிசகியதில்லை. அதனால் யாரும் அந்தச் சட்டத்தைக் கேள்வி கேட்டதுமில்லை.

தளவாய் மூவரையனுக்கு இதையெல்லாம் பார்த்தால் வயிறு எரியும். "போர்க்களம் பார்த்த நான் ஓரமாக நிற்கிறேன், மாவுக் கோடு போடுகிறவர் ராசா பக்கத்தில் படுத்துக்கிடக்கிறார்" என்று புழுங்குவார். ஒருநாள் ராசாவுக்குப் பல்வலி. அந்த நேரம் பார்த்துத் தளவாய் முன்னே வந்தார்.

"மகாராசா, நானும் ஒரு கட்டம் போட்டிருக்கிறேன். மந்திரியார் அவிழ்க்கட்டும். முடியாவிட்டால் நாட்டைவிட்டுப் போகட்டும். இந்த மண்டபத்தை என் குதிரைகளுக்குக் கொடுத்துவிடுங்கள்."

"ஆகட்டும், ஆகட்டும். யாராவது கிராம்பு கொண்டுவாருங்கள்!" என்றார் ராசா, கன்னத்தைப் பிடித்துக்கொண்டு.

தளவாய் நாலுக்கு நாலாகப் பதினாறு கட்டம் போட்டார். "நாலு யானை. ஒரே வரிசையில் இரண்டு வரக்கூடாது, குறுக்கிலும் சரி, நெடுக்கிலும் சரி. மூலையோடு மூலைகூட ஒட்டக்கூடாது."

எட்டியப்பர் கண் மூடித் திறப்பதற்குள் நாலு பித்தளை யானைகளை வைத்துவிட்டார். தளவாய் ஓர் ஓலையை எடுத்துக் காட்டினார். அதில் யானைகள் வேறு இடத்தில் நின்றன.

"மகாராசா, இதற்கு இரண்டு விடை இருக்கிறது. அவர் வைத்ததும் சரி, நான் வைத்ததும் சரி" என்றார் எட்டியப்பர்.

"ஓலைதான் தீர்ப்பு. யார் போட்ட சட்டம் அது?" என்று சிடுசிடுத்தார் ராசா.

"நான் போட்டதுதான், மகாராசா."

"அப்புறம் என்ன பேச்சு? பழகின பாவத்துக்கு நாளைக்கு இன்னொரு தரம் வை. தப்பினால் நடையைக் கட்டு."

எட்டியப்பர் வீட்டுக்கு வந்து உட்கார்ந்துவிட்டார். நாளைக்கு மற்ற விடையை வைத்தால் தளவாய் இன்றைய விடையுள்ள ஓலையை நீட்டுவார். மடியில் ஒன்று, தலைப்பாகையில் ஒன்று என்று இரண்டு வைத்திருப்பார். தளவாயைச் சோதனை போட யாருக்குத் துணிச்சல் வரும்?

மனைவி காத்தாயி கண்ணைத் துடைத்துக்கொண்டே மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். "இந்தக் கட்டத் துணி எதுக்கு? இதாலதானே ஊரை விட்டுப் போறோம்!" என்று, அவர் கட்டம் வரைந்து நாலு யானைக்கும் கரி மையால் புள்ளி வைத்துப் பார்த்திருந்த மெல்லிய துணியைச் சன்னலுக்கு நேரே உதறிப் பிடித்தாள். அந்தப் பக்கமிருந்து பார்த்த எட்டியப்பர் எழுந்து நின்றுவிட்டார்.

"மூட்டையை அவிழ், காத்தாயி!"

மறுநாள் சபையில் அந்தத் துணியை இரண்டு தூணுக்கு நடுவே கட்டினார். இந்தப் பக்கம் ராசா, அந்தப் பக்கம் தளவாய். நாலு புள்ளியும் இருபுறமும் ஊறித் தெரிந்தன.

"தளவாயாரே, இதுதான் என் விடை. ஓலையோடு ஒத்துப் பாரும்."

தளவாய் தன் கண்ணுக்குத் தெரிந்ததைப் பார்த்தார். மடியிலிருந்து ஓலையை உருவினார். "தப்பு! முழுத் தப்பு!" என்று கூவிக்கொண்டே ஓடிவந்து ராசாவிடம் நீட்டினார்.

ராசா ஓலையைப் பார்த்தார், துணியைப் பார்த்தார். "என்ன ஐயா உளறுகிறீர்? அச்சு அசலாக அப்படியே இருக்கிறதே!"

தளவாய் திரும்பிப் பார்த்தார். அப்படியேதான் இருந்தது! கண்ணாடியில் இடம் வலமாவது போல, துணிக்கு அந்தப் பக்கம் ஒரு விடை, இந்தப் பக்கம் மற்ற விடை. பதறிப்போனவர், "ஓலை மாறிவிட்டது மகாராசா, இதுதான் சரியான ஓலை" என்று தலைப்பாகைக்குள்ளிருந்து இன்னொன்றை எடுத்தார். சபை கொல்லென்று சிரித்தது.

"ஒரு கட்டத்துக்கு எத்தனை ஓலை ஐயா?" என்றார் ராசா.

"ஒரு யானையை நீரே முதல் வரிசையில் வைத்துக் கொடுத்திருந்தால் நல்ல கட்டமாகியிருக்கும், தளவாயாரே. மற்ற மூன்றும் தானாக இடம் தேடிக்கொள்ளும்" என்றார் எட்டியப்பர்.

ராசா எட்டியப்பரின் கையைப் பிடித்துக்கொண்டார். "ஒரு பல்வலிக்கு உன்னை இழக்கப் பார்த்தேனே! என்ன வேண்டும், கேள்."

"ஓலைச் சட்டத்தை நீக்கவேண்டும். விதிக்குப் பொருந்திய விடை யாருடையதானாலும் சரியென்று ஏற்கவேண்டும். நான் தப்பே செய்யமாட்டேன் என்ற கர்வத்தில் போட்ட சட்டம் அது."

"அப்படியே. தளவாய்க்குத் தண்டனை?"

"நான் ஆறுக்கு ஆறு ஒன்று போடுகிறேன். அவிழ்க்கும்வரை அவர் இங்கேயே இருக்கட்டும்."

மூவரையன் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தார். முதல் நாள் திட்டினார். இரண்டாம் நாள் மாவை அள்ளி எறிந்தார். மூன்றாம் நாள் சத்தமே இல்லை. நாலாம் நாள் சாயங்காலம் மண்டபம் அதிர ஒரு சிரிப்புக் கேட்டது. எல்லாரும் ஓடிப்போய்ப் பார்த்தால், தளவாய் தரையில் கவிழ்ந்து கிடந்தார்.

"முடித்துவிட்டீர் அல்லவா? எழுந்து வீட்டுக்குப் போம்" என்றார் ராசா.

தளவாய் எழவில்லை. தலையை மட்டும் தூக்கி, கொஞ்சம் வெட்கத்தோடு கேட்டார்: "மந்திரியாரே, இன்னொன்று இருக்கிறதா?"