நனைத்துப் பார்த்த கூடு

ஏரிக்கரைக் கருவேலமரத்தில் தூக்கணாங்குருவிகள் கூட்டமாக வாழ்ந்தன. கூடு கட்டுவது ஆண்குருவிகளின் வேலை. கட்டிய கூட்டைச் சோதிப்பது கீச்சி என்ற பெண்குருவியின் வேலை. உள்ளே போய்க் குதிப்பாள், நாரை இழுப்பாள், வாசலில் தொங்குவாள். அவள் சரி என்று சொன்ன பிறகுதான் பெண்குருவிகள் அதில் முட்டையிடுவார்கள்.

ஒருநாள் பெய்த மழையில், அவள் சரி என்று சொன்ன கூடு ஒன்று அறுந்து ஏரியில் விழுந்தது. குஞ்சுகள் கோரைப்புல்லைப் பற்றிக்கொண்டு எப்படியோ பிழைத்தன. கீச்சிக்கு இரையே இறங்கவில்லை. எதைக் கவனிக்காமல் விட்டோம் என்று புரியவில்லை. யாரிடம் கேட்பது? அந்தக் கூட்டத்தில் சோதிக்கிறவள் அவள் ஒருத்திதான்.

வாட்டத்தோடு கரையில் உட்கார்ந்திருந்தபோது ஒரு வேடிக்கையைப் பார்த்தாள். எலிகளின் வளைகளைச் சோதிக்கும் தவிட்டி என்ற வயலெலி, பக்கத்துக் குட்டையிலிருந்து சின்ன வாய்க்கால் கீறி, மற்ற எலிகள் புதிதாகத் தோண்டிய வளைக்குள் தண்ணீரை விட்டுக்கொண்டிருந்தது.

"நல்ல வளையை ஏன் அக்கா பாழாக்குறே?" என்று கேட்டாள்.

"மழை வந்த பிறகு ஒழுகுதான்னு பார்த்து என்ன பண்றது? அதான் மழையை நானே கொண்டுவரேன்" என்றது தவிட்டி.

கீச்சிக்குச் சுருக்கென்றது. இத்தனை காலமும் அவள் காய்ந்த கூட்டையே சோதித்திருக்கிறாள்!

தன் இனத்தார் தன்னைக் குற்றம் பிடிக்கிறவள் என்று திட்டுவதைத் தவிட்டி சொல்ல, என்னையும் அப்படித்தான் சொல்கிறார்கள் என்று கீச்சி சொல்ல, இருவரும் சிரித்தார்கள். வழி தெரியாத குஞ்சுபோலக் கண்ணை மூடிக்கொண்டு கூட்டுக்குள் போய்ப் பார்க்கும் தன் பழக்கத்தைக் கீச்சி சொன்னாள். தவிட்டியும் வளைக்குள் அப்படிச் செய்து பார்த்தபோது, தப்பியோடும் வழி இருட்டில் தட்டுப்படவே இல்லை. உடனே தோண்டிய எலிகளிடம் அதை அகலப்படுத்தச் சொன்னது. மண்வீடுகளைச் சோதிக்கும் குளவி ஒன்றும் பேச்சுக்கு வந்து சேர்ந்தது. அதன்பின் மதியவேளையில் மூவரும் கூடுவது வழக்கமாயிற்று.

அந்தச் சமயத்தில் மஞ்சன் என்ற குருவி அழகான கூடு ஒன்றைக் கட்டி முடித்தான். கீச்சி இறகில் தண்ணீர் கொண்டுவந்து கூட்டை நன்றாக நனைத்தாள். பிறகு உள்ளே போய்க் குதித்தாள். கூடு அறுந்து விழுந்தது.

"என் உழைப்பையெல்லாம் உடைச்சுட்டியே!" என்று மஞ்சன் கத்தினான்.

"இப்ப விழுந்தது வெறும் கூடு, மஞ்சா. அடுத்த மாசம் விழுந்திருந்தா உன் பிள்ளைங்களும் சேர்ந்து விழுந்திருக்கும்."

மஞ்சன் விழுந்த கூட்டைப் புரட்டிப் பார்த்தான். காய்ந்த நார், அதுவும் ஒற்றைக் கிளையில்தான் சுற்றியிருந்தது. அடுத்த கூட்டை இரண்டு கிளைகளைச் சேர்த்துப் பச்சை நாரால் கட்டினான். அதைப் பார்த்து மற்றவர்களும் அப்படியே கட்டினார்கள்.

பெருமழை வந்தது. கூடுகள் ஊஞ்சலாய் ஆடின, ஒன்றும் விழவில்லை. மழை விட்டதும் மஞ்சன் கீச்சியிடம் வந்தான்.

"வாசலைக் கொஞ்சம் நீட்டலாம்னு இருக்கேன். நாளைக்கு எலியக்காவைப் பார்க்கும்போது, இதுல என்ன தப்பு வரும்னு கேட்டுட்டு வரியா?"

தனியாகச் சோதிக்கிறவருக்குத் தான் பட்டது மட்டுமே தெரியும். தன்னைப்போல் சோதிக்கிற மற்றவர்களோடு கூடிப் பேசுகிறவருக்கு, அவர்கள் பட்டதும் பாடமாகும்.