ஊர் மெச்சிய தலைகீழ் மாளிகை

முன்னொரு காலத்தில், மழைகூட அரண்மனையைக் கேட்டுக்கொண்டுதான் பெய்யும் என்று அரண்மனைக்காரர்கள் சொல்லித் திரிந்த ஒரு நாட்டில், ஒரு மகாராஜா இருந்தார். அவருடைய பட்டப்பெயர்களை முழுக்கச் சொன்னால் அரை நாழிகை போய்விடும். நமக்குக் கதை முக்கியம். மகாராஜா என்றே வைத்துக்கொள்வோம்.

அவர் அண்டை நாட்டுக்குக் கல்யாணத்துக்குப் போன இடத்தில் ஏழு நிலை மாளிகை ஒன்றைப் பார்த்துவிட்டார். அதன் பிறகு விருந்தில் பாயசம்கூட உள்ளே இறங்கவில்லை. ஊர் திரும்பிய கையோடு, "நமக்குப் பன்னிரண்டு நிலை வேண்டும். அதுவும் இதுவரை எவனும் கட்டாத தினுசில் வேண்டும்" என்று உத்தரவு போட்டார்.

மந்திரி அகோரநாதருக்கு விசித்திரசேனன் என்று ஒரு மைத்துனன். தன்னைச் சிற்பி என்று சொல்லிக்கொள்வான். அவன் உளி பிடித்து யாரும் பார்த்ததில்லை. அவன் சபைக்கு வந்து, "மகாராஜா! உலகத்தார் எல்லாரும் கீழே அகலமாகவும் மேலே குறுகலாகவும் கட்டுகிறார்கள். அதில் என்ன புதுமை? நாம் அடியில் பத்து முழமும் உச்சியில் நாற்பது முழமுமாகக் கட்டுவோம். கோபுரத்தைக் கவிழ்த்து வைத்தாற்போல் இருக்கும்" என்றான். மகாராஜாவுக்குப் புல்லரித்துவிட்டது.

இடமும் பார்த்தார்கள். சாயக்காரத் தெருவை ஒட்டி, அந்தத் தெருவார் சாயத்துணி காயப்போடும் மைதானம் இருந்தது. அங்கே மாளிகை எழும்பிற்று. நிலைக்கு நிலை விரிந்துகொண்டே போய், ஒன்பதாம் நிலை வந்தபோது அது தெருவின் முதல் மூன்று வீடுகளின் கூரைக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றது. அதே சமயத்தில் முதல் நிலைச் சுவரில் விரல் நுழையும் அளவுக்கு ஒரு விரிசலும் கண்டது. விசித்திரசேனன் அதன் மேல் சுண்ணாம்பு பூசி ஒரு மயிலை வரைந்தான். விரிசல் வளர வளர மயிலுக்குத் தோகையும் வளர்ந்தது.

அந்த மூன்று வீடுகளில் முதல் வீடு பேச்சிமுத்துவுடையது. பேச்சிமுத்து அரண்மனை விகடன். மகாராஜாவைச் சிரிக்க வைப்பது அவன் உத்தியோகம். மந்திரியின் வயிற்றெரிச்சலுக்கு அது ஒன்றே போதுமானதாக இருந்தது.

ஒருநாள் மகாராஜாவுக்குத் திடீரென்று ஓர் ஐயம் வந்தது. "அகோரநாதரே, நம் மாளிகையைப் பற்றிக் குடிமக்கள் என்ன நினைக்கிறார்கள்?" என்று கேட்டார்.

"இன்றே அறிந்து சொல்கிறேன் பிரபு" என்றார் மந்திரி. தண்டோரா போட்டார்கள். மாளிகை பிடித்தவர்கள் அரண்மனையின் கிழக்கு வாசலுக்கு வந்து ஆளுக்கொரு தேங்காய் வாங்கிக்கொள்ளலாம். பிடிக்காதவர்கள் மேற்கு வாசலுக்கு வந்து ஊர்க்காவல் தலைவரான கொத்தவாலிடம் காரணம் சொல்லலாம் என்று அறிவித்தார்கள். கொத்தவால் மேற்கு வாசலில் சவுக்கோடு உட்கார்ந்திருந்தார். சாயங்காலம் வரை அந்தப் பக்கம் ஒரு நாய் மட்டும் வந்து போயிற்று.

"ஊரே மெச்சுகிறது பிரபு! ஒரு குரல்கூட மாறவில்லை" என்றார் மந்திரி. சபை கைதட்டியது. பேச்சிமுத்து மட்டும் காதைச் சொறிந்துகொண்டிருந்தான். அதைப் பார்த்த மந்திரி, பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று மகிழ்ந்துபோனார்.

"விகடருக்கு ஐயம் போலும்! அப்படியானால் மாளிகை பிடிக்காத ஒரே ஒருவனை அவர் மூன்று நாளில் சபைக்குக் கொண்டுவரட்டும். கொண்டுவந்தால் அந்தத் துரோகியின் நாக்கை அறுப்போம். கொண்டுவராவிட்டால், அரச காரியத்தை ஐயுற்ற குற்றத்துக்கு விகடரின் தலையை வாங்குவோம்."

"நல்ல ஏற்பாடு" என்றார் மகாராஜா. அவருக்கு மாளிகை என்றால் அப்படி ஒரு மயக்கம்.

பேச்சிமுத்து வீட்டுக்கு வந்து வாசலில் உட்கார்ந்தான். அவனுக்கு உண்மையாகவே பயமாக இருந்தது. "ஒரு ஆளைக் காட்டினா அவன் நாக்குப் போகும். காட்டாட்டி என் தலை போகும்" என்றான் மனைவி பூவாயியிடம்.

பூவாயி அண்ணாந்து பார்த்தாள். "அதுக்கு முன்னாடி இந்தச் சனியன் நம்ம தலையில விழுந்துரும். நீங்க கவலப்படாதீங்க" என்றாள். சொல்லிவிட்டு உள்ளே போய் அழுதாள்.

இரண்டாம் நாள் காலையில் பக்கத்து வீட்டுச் செங்கமலம் தன் கைக்குழந்தைக்கு மை வைத்துக்கொண்டிருந்தாள். குழந்தை தங்க விக்கிரகம். அதன் கன்னத்தில் பெரிய கரும்பொட்டாக அப்பிவிட்டு, "கரிமூஞ்சி! அசிங்கம் புடிச்ச கழுதை!" என்று கொஞ்சினாள்.

"ஏம்மா புள்ளையை வையிற?" என்றான் பேச்சிமுத்து.

"நேத்து நாலு பேரு அழகு அழகுன்னு சொல்லிட்டாங்க அண்ணே. ராத்திரியெல்லாம் காய்ச்சல். நாம வைஞ்சாத்தான் கண்ணு படாது."

பேச்சிமுத்து எழுந்து வேட்டியை உதறிக் கட்டினான்.

மூன்றாம் நாள் சபையில் அவன் கை கட்டி நின்றான். "மகாராஜா! ஊரெல்லாம் தேடிவிட்டேன். மாளிகை பிடிக்கவில்லை என்று தானாகச் சொல்ல ஒருவரும் இல்லை."

"ஆக, தலை..." என்று தொடங்கினார் மந்திரி.

"தலையை எப்போது வேண்டுமானாலும் வாங்கலாம். அதற்கு முன் மாளிகையைக் காப்பாற்றுங்கள் பிரபு! நாலு பேர் மெச்சின குழந்தைக்கே காய்ச்சல் வருகிறது. இந்த மாளிகையை ஊரே மெச்சியிருக்கிறது, மந்திரியார் தேங்காய்க் கணக்கில் எண்ணியும் வைத்திருக்கிறார். கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்பார்கள். சின்ன வீட்டுக்கு ஒரு வைக்கோல் பொம்மை கட்டினால் திருஷ்டி போய்விடும். இத்தனை கண்ணுக்கு எத்தனை பொம்மை கட்டுவது?"

மகாராஜாவின் முகம் வெளுத்தது. அவர் தினமும் உப்பு மிளகாய் சுற்றிப் போட்டுக்கொள்ளாமல் படுக்கப் போகாதவர். "பரிகாரம்?" என்றார்.

"நாளை அமாவாசை. உச்சி வேளையில் ஊர் முழுவதும் மாளிகையடியில் கூடி அதை வாய்விட்டு வைய வேண்டும். இது அரச கட்டளை என்று இருக்க வேண்டும். புகழ்ந்து ஒரு சொல் சொன்னவர் கொத்தவாலிடம் போக வேண்டும்."

அப்படியே முத்திரை விழுந்தது.

மறுநாள் சித்திரை வெயில் மண்டையைப் பிளந்தது. மகாராஜாவின் ஆசனத்தைப் பேச்சிமுத்துவே மாளிகையின் விரிந்த தலைக்குக் கீழே, நல்ல குளிர்ந்த நிழலில் போடச் செய்தான். தானும் அருகிலேயே நின்றான். முதுகுக்குப் பின்னால் மயில் இருந்தது. அதன் தோகையிலிருந்து சுண்ணாம்பு ஒரு சிட்டிகை அவன் தோளில் உதிர்ந்தது. அவன் உள்ளுக்குள் குலதெய்வத்தைக் கூப்பிட்டுக்கொண்டே முகத்தில் சிரிப்பை வைத்திருந்தான்.

முதலில் ஒருவரை ஒருவர் முன்னே தள்ளிக்கொண்டிருந்தார்கள். பிறகு செங்கமலம் இடுப்புக் குழந்தையோடு முன்னால் வந்தாள். "ஏ கொள்ளிவாய்ப் பிசாசே! ஆறு மாசமா உன் நிழல்ல என் சேலை ஒண்ணாவது காஞ்சிருக்கா? நீ நாசமாப் போக!"

"பேஷ்!" என்றார் மகாராஜா.

ஒரு கொத்தன் கத்தினான். "அஸ்திவாரத்துக்குப் பத்து முழம் வானம் தோண்டணும்னோம், மூணு முழத்துல நிறுத்தச் சொன்னாங்க! தூக்குநூல் விட்டா சுவரு ஒரு சாண் விலகுது! நீ நிக்கிறதே எங்க அப்பன் செஞ்ச புண்ணியம்!"

இன்னொருவன், "எனக்கு இதோட சாயல் நெசமாவே புடிச்சிருக்கு. ஆனா வேற ஊர்ல இருந்தா இன்னும் புடிக்கும்" என்றான். அது புகழ்ச்சியா வசையா என்று கொத்தவாலுக்கே விளங்கவில்லை.

அப்புறம் அணை உடைந்தது. கிழவர்கள், பூக்காரிகள், பல்லக்குத் தூக்கிகள், ஏன், கொத்தவாலின் மாமியார்கூட விட்டுவைக்கவில்லை. மயிலுக்கு அடியில் இருந்த விரிசலை ஆளுக்கு ஆள் சொல்லி வைதார்கள். மந்திரியின் முறை வந்தது. விசித்திரசேனன் வயிற்றுவலி என்று வரவில்லை. மந்திரி தொண்டையைக் கனைத்து, "சற்றே... உயரம் கூடுதலோ?" என்றார்.

"இவ்வளவுதானா? என் மாளிகைக்குக் கண் படட்டும் என்று பார்க்கிறீரா?" என்று சீறினார் மகாராஜா.

ஆனால் கேட்கக் கேட்க மகாராஜாவின் புன்னகை சுருங்கியது. "பேச்சிமுத்து, சும்மா ஒப்புக்கு வைகிறவர்கள் எல்லாரும் எப்படி ஒரே விரிசலைச் சொல்கிறார்கள்?"

மந்திரி பாய்ந்து வந்தார். "கட்டளைக்கு அஞ்சிப் பொய் சொல்கிறார்கள் பிரபு! தேங்காய் வாங்கிய அன்று சொன்னதே மெய்."

"மந்திரியார் சொல்வது சரியே" என்றான் பேச்சிமுத்து. "அன்று மெச்சியதும் கட்டளை. இன்று வைததும் கட்டளை. ஆகவே இவர்கள் நாக்கை அறுக்க நியாயமில்லை. மகாராஜா, குடிகளின் வாய் அரண்மனைக்குச் சொந்தம். கால் மட்டும் அவரவருடையது. அந்தக் கால்கள் நிற்கும் இடத்தைப் பார்த்தருள வேண்டும்."

மகாராஜா பார்த்தார்.

யானைக் கூட்டமே படுத்துறங்கும் அளவுக்கு நிழல் கிடந்தது. அதில் ஒருவர் இல்லை. ஊர் முழுவதும் அதற்கு வெளியே, கொளுத்தும் வெயிலில், காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு நின்றது. செங்கமலம் குழந்தையின் தலையை முந்தானையால் மூடியிருந்தாள். நிழலுக்குள் ஓர் அடி வைக்கவில்லை. கொத்தவால் வெயிலில் நின்றார். வெண்கொற்றக்குடை பிடிப்பவன் குடையோடு வெயிலில் நின்றான். மந்திரி அகோரநாதர், சற்றுமுன் பாய்ந்து வந்தவர், நிழலின் விளிம்பில் கோடு கிழித்தாற்போல் நின்றுவிட்டிருந்தார்.

மகாராஜா மெல்ல அண்ணாந்து பார்த்தார். பிறகு எழுந்தார். முதல் நாலடி ராஜநடை. மீதியை ஓட்டம் என்றுதான் சொல்ல வேண்டும்.

வெயிலில் போய் நின்று மூச்சு வாங்கியதும் அவருக்கு வெட்கமும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. சிரிப்பு வென்றது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஊரும் பயம் தெளிந்து சிரித்தது. அங்கேயே உத்தரவு பிறந்தது: மாளிகையை உச்சியிலிருந்து கல் கல்லாக இறக்க வேண்டும்; கீழே நின்று கல்லை வாங்கி அடுக்குவது மந்திரியும் மைத்துனனும். மைதானம் மறுபடி சாயக்காரத் தெருவாருக்கு.

மகாராஜா தம் முத்துமாலையைக் கழற்றிப் பேச்சிமுத்துவின் கழுத்தில் போட்டார். போட்டவர் சட்டென்று கை நிறுத்தினார். "அடே, எல்லாம் தெரிந்த நீ ஏன் என் பக்கத்தில் அந்த நிழலில் நின்றாய்?"

"நான் வெயிலில் நின்று சொல்லியிருந்தால் தாங்கள் கேட்டிருப்பீர்களா மகாராஜா?" என்றான் பேச்சிமுத்து. தோளில் உதிர்ந்திருந்த சுண்ணாம்பை அப்போதுதான் தட்டிவிட்டான்.