திவானின் மீசையும் பலாப்பாலும்

கொன்றையூர் மகாராஜா கஜேந்திர பூபதிக்கு உலகத்தில் இரண்டே பயம். ஒன்று இடி. இன்னொன்று மாமனார். இடியாவது மழைக்காலத்தோடு போய்விடும்.

அந்த மாமனார் தலைதீபாவளிச் சீராக ஒரு மோட்டார் வண்டி கொடுத்திருந்தார். மயில் கழுத்து நீலம். அதில் முகம் பார்த்துப் பொட்டு வைத்துக்கொள்ளலாம், அப்படி ஒரு மினுமினுப்பு. மகாராஜா வண்டியில் ஏறிப் போனதைவிட அதைச் சுற்றிச் சுற்றி வந்ததுதான் அதிகம்.

மாமனார் மாலை ரயிலில் வருகிறார், அதே வண்டியில் அழைத்துவரப் போக வேண்டும் என்று இருந்த அன்றைக்குத்தான் காலையில் அரண்மனையே அலறியது. நீல வண்டியின் முதுகெங்கும் சொட்டுச் சொட்டாகப் பிசின்! முதல் நாள் டிரைவர் நல்லமாடன் வண்டியைப் பலாமரத்து நிழலில் நிறுத்தியிருந்தான். விருந்துக்காக மேலே காய் வெட்டினார்கள். வெட்டின காம்பெல்லாம் பால் வடித்துவிட்டது.

நல்லமாடன் பொட்டல்காட்டு ஆள். தண்ணீர் ஊற்றித் தேய்த்தான். சொட்டாக இருந்தது பட்டையாக இழுபட்டது. வெந்நீர் ஊற்றித் தேய்த்தான். அழுக்கும் சேர்ந்து கறுத்தது.

"மகாராசா, நெழலு பாத்துத்தான் நிறுத்துனேன். எங்க ஊரு மரத்துல முள்ளு இருக்கும், பாலு இருக்காது" என்று சபையில் நின்று அழுதான்.

மகாராஜாவும் ஏறக்குறைய அழுகிற நிலைதான். "யாருக்காவது வழி தெரியுமா?" என்று கேட்டார்.

தெரிந்தவர்கள் சிலர் இருந்தார்கள். திவான் பட்டாபிராமரின் முகத்தைப் பார்த்ததும் அவர்களுக்கு மறந்துவிட்டது. திவானுக்கு ஒரு மச்சான். வேலை வெட்டி இல்லை. டிரைவர் வேலை காலியானால் தேவலை என்று வீட்டில் தினமும் பாட்டு.

திவான் எழுந்தார். இரண்டு பக்கமும் கொம்பு போல நிற்கும் தம் மீசையைத் தடவிக்கொண்டார்.

"பலாப்பால் பட்டால் பட்டதுதான் மகாராஜா. பிரம்மாவே இறங்கி வந்தாலும் போகாது. போய்விட்டால் இந்த மீசையை எடுத்துவிடுகிறேன்! இவனை எல்லைக்கு அப்பால் விரட்டிவிட்டு நல்ல டிரைவராகப் பாருங்கள். என் மச்சான் கூட..."

"ரயில் வருவதற்குள் கறை போகாவிட்டால் நல்லமாடன் நாட்டை விட்டே போக வேண்டும்!" என்றார் மகாராஜா. நல்லமாடன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

அப்போது வாசலில் ஒரு சத்தம். "வழி விடுங்கள்! குற்றவாளி வருகிறான்!"

திவான் சொன்னதையெல்லாம் வெளியிலிருந்தே கேட்டுவிட்ட அரண்மனை விகடர் அம்பலவாணன் உள்ளே வந்தார். தோளில் ஒரு பலாக்காய். பிள்ளையைத் தூக்கி வருகிற மாதிரி தூக்கி வந்தார்.

"இவன்தான் மகாராஜா வண்டியைக் கெடுத்தவன். கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன். உத்தரவானால் இங்கேயே வெட்டிவிடுகிறேன்."

அந்தக் கலவரத்திலும் மகாராஜாவுக்குச் சிரிப்பு வந்தது. "வெட்டித் தொலையும்!"

அம்பலவாணன் சபை நடுவில் காயைப் பிளந்தார். பால் பொங்கியது. இரண்டு கையையும் அதில் நன்றாக அளைந்தார். எழுந்தார். நேரே திவானிடம் போனார்.

"மகாராஜாவே தடுமாறும்போது தைரியமாக உண்மை சொன்னீர்களே! இதல்லவா மீசை!" என்று உருகினார். உருகிக்கொண்டே இரண்டு கையாலும் திவானின் மீசையை நுனி வரைக்கும் ஆசையாக நீவிவிட்டார்.

வலது மீசை கன்னத்தில் ஒட்டிக்கொண்டது. இடது மீசையை விடுவிக்கப் போன திவானின் விரல் அதில் ஒட்டிக்கொண்டது. ஒரு சேவகன் பதறிப்போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்தான்.

"தண்ணி வேண்டாம்டா மடையா!" திவான் துள்ளினார். "தேய்த்தால் பரவும்! நல்லெண்ணெய் கொண்டுவா! எண்ணெயைத் தடவிக் கொஞ்சம் ஊறவிட்டு மெத்தென்ற துணியால் துடைத்தால் தானாகப் போய்விடும்! பலாத்தோப்பு வைத்திருப்பவன் சொல்கிறேன், ஓடுடா!"

திவானுக்குத் தாம் சொன்னது அப்போதுதான் தம் காதில் விழுந்தது.

மகாராஜா சிம்மாசனத்திலிருந்து குதித்தார். "எண்ணெய்! முதலில் வண்டிக்கு! மீசை காத்திருக்கட்டும்!"

நல்லமாடன் பறந்தான். எண்ணெய் தடவினான், ஊறவிட்டான், துணியால் மெல்லத் துடைத்தான். கறை துணியோடு வந்துவிட்டது. உச்சிவேளைக்குள் மயில் கழுத்து மறுபடி மின்னியது. மகாராஜா அதில் முகம் பார்த்தார். சந்தோஷத்தில் டிரைவரையே கட்டிக்கொண்டார். அவர் பட்டு அங்கவஸ்திரம் முழுக்க எண்ணெய்!

"அம்பலவாணரே, மருந்து தெரிந்திருந்தால் காலையிலேயே சொல்லியிருக்கலாமே?"

"எனக்கு எங்கே தெரியும் மகாராஜா? தோப்பு வைத்திருப்பவருக்குத் தெரியாமல் இருக்காது என்பதுதான் தெரியும். திவானின் வாய் சொல்லவில்லை. மீசையைக் கேட்டேன், சொல்லிவிட்டது."

மகாராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கழுத்து முத்துமாலையைக் கழற்றி விகடருக்குப் போட்டார். பிறகுதான் பந்தயம் நினைவுக்கு வந்தது.

"கறை போனால் மீசையை எடுப்பேன் என்றீரே, திவான்! எங்கே நாவிதன்? கூப்பிடுங்கள்!"

திவான் ஒட்டின விரலோடு மீசையைப் பொத்திக்கொண்டார். அம்பலவாணன் குறுக்கே வந்து கும்பிட்டார்.

"வேண்டாம் மகாராஜா, மீசை இருக்கட்டும். திவானிடத்தில் உண்மை பேசுவது அது ஒன்றுதான். அதையும் எடுத்துவிட்டால் நாளைக்கு நாம் யாரைக் கேட்பது?"