பல் தடம் பார்த்த முள்ளம்பன்றி

மலையடிக் காட்டில், நடக்க முடியாத கிழ யானைக்கென்று மிருகங்கள் சேர்ந்து ஒரு பலாப்பழத்தைப் பழுக்க வைத்திருந்தன. ஒரு நாள் காலையில் பார்த்தால் பாதிப் பழத்தைக் காணோம்! மிச்சப் பழத்தில் பல் தடம் தெரிந்தது.

தடம் பார்ப்பதில் பேர்போன முள்ளம்பன்றி வந்தது. குனிந்து பார்த்தது, மோந்து பார்த்தது.

"மரநாயின் பல்! சந்தேகமே இல்லை!"

திருடியவரை ஆற்றுக்கு அக்கரைக்கு விரட்டுவது அந்தக் காட்டின் வழக்கம். ஆற்றிலோ வெள்ளம். மரநாயின் பொந்தில் கண் திறக்காத மூன்று குட்டிகள் இருந்தன.

"ஐயா, சத்தியமா நான் கடிக்கல" என்று மரநாய் தலைவரான கருமந்தியிடம் கெஞ்சியது.

"திருடின வாய் வேறென்ன சொல்லும்?" என்று முள்ளைச் சிலிர்த்தது முள்ளம்பன்றி. "நூறு தடம் பார்த்திருக்கேன். ஒண்ணுகூடத் தப்பினதில்லை!"

மரநாய் கண்ணீரைத் துடைத்துக்கொண்டது. "தப்பலைன்னு யாரு சரிபார்த்தாங்க, அண்ணே?"

"யாரு பார்க்கணும்? நான் சொன்னா சொன்னதுதான்!"

கருமந்தி தாடையைச் சொறிந்தது. மரநாய் கேட்டது நியாயமாகத்தான் பட்டது. ஒன்பது மிருகங்களைப் புதர் மறைவுக்குக் கூட்டிப்போய் ஆளுக்கொரு கொய்யாவைக் கடிக்கச் சொன்னது. பத்தாவதைத் தானே கடித்தது. மரநாயை மட்டும் சேர்க்கவில்லை. எது யார் கடித்தது என்பதை அணில் நினைவில் வைத்துக்கொண்டது.

முள்ளம்பன்றி ஒவ்வொரு கொய்யாவாகப் பார்த்துப் பெயர் சொன்னது. அணில் சரிபார்த்தது. மூன்று சரி, ஆறு தப்பு. கடைசிக் கொய்யாவை உயரத் தூக்கி, "இது மரநாய்தான்! திருட்டுப் பல், பார்த்தாலே தெரியுதே!" என்று கூவியது.

"அது என் பல்லுப்பா" என்றது கருமந்தி.

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. முள்ளம்பன்றியின் முள்ளெல்லாம் படிந்துபோயிற்று.

பலாவைத் தின்றது யாரென்று அன்று தெரியவில்லை. தெரியவில்லை என்றே கருமந்தி தீர்ப்புச் சொன்னது. முள்ளம்பன்றியின் பேச்சை நம்பிப் போன வருஷம் விரட்டிய கீரியை, வெள்ளம் வடிந்ததும் தேடிக் கூட்டிவரவும் உத்தரவிட்டது. மரநாயோ அதற்குள் பொந்துக்கு ஓடிப்போய்க் குட்டிகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தது.

பத்துக்கு எத்தனை முறை தவறும் என்று சோதித்துப் பார்க்காத சாட்சியை நம்பி, யாரையும் தண்டிக்கக் கூடாது.