வெண்மணல் முற்றத்தில் நாற்று

ஆற்றங்கரை மேட்டில் ஒரு மடம் இருந்தது. அதன் முற்றத்து வெண்மணலைப் பார்ப்பதற்கென்றே வெளியூர்களிலிருந்து ஆட்கள் வருவார்கள். மடத்தை நடத்தியவர் உமையாள் அம்மையார். மணலைக் காத்தவர் அவருடைய சீடர் ஆதிமூலம்.

ஆதிமூலம் அம்மையாரைவிடப் பத்து வயது மூத்தவர். அரண்மனைக் கருவூலத்தில் காவலராக இருந்து, பிறகு துறவுக்கு வந்தவர். சாவிக் கொத்தை விட்டுவிட்டு வந்தாரே தவிர, காவல் புத்தியை விட்டுவிட்டு வரவில்லை. விடிந்ததும் தலை வாருவதுபோல மணலை வாரி விடுவார். சேற்றுக்காலோடு யாரும் வாசலைத் தாண்டக் கூடாது என்பது அவர் போட்ட சட்டம்.

மேட்டுக்குக் கீழே இருந்த ஊரோ நெல் விளைகிற ஊர். கைக்குழந்தையைத் தவிர அங்கே யாருக்கும் சேறு படாத கால் கிடையாது. அதனால் ஊரார் அம்மையாரின் பேச்சை வாசலுக்கு வெளியே நின்றபடியே கேட்டுவிட்டுப் போவார்கள். அம்மையார் இதைப் பற்றிச் சொல்லிப் பார்த்தார். ஆதிமூலம் பணிவாகத் தலையாட்டிவிட்டு மறுநாளும் வாசலில் போய் நின்றார்.

ஊரின் விதைநெல் மட்டும் மடத்துக்குள் இருந்தது. மேடான இடம், நம்பகமான காவல். பின்கட்டில் இருந்த நெற்குதிர்களை ஆதிமூலம்தான் மூடி முத்திரை வைத்திருந்தார்.

அந்த ஆண்டு ஆறு மேட்டையும் மதிக்கவில்லை. மடத்துக்குள் புகுந்து இரண்டு நாள் தங்கிவிட்டுத்தான் இறங்கியது. போகும்போது முற்றம் முழுக்க முழங்கால் அளவு வண்டலை விட்டுவிட்டுப் போனது. கீழே ஊரும் வயலும் இன்னும் தண்ணீருக்குள் கிடந்தன. ஊரார் மாடு கன்றுகளோடு மடத்தின் வாசலுக்கு வெளியே வந்து ஒதுங்கியிருந்தார்கள்.

ஆதிமூலம் ஒரு குதிரின் முத்திரையை உடைத்துத் திறந்து கையை விட்டார். உள்ளே சூடாக இருந்தது. கைநிறைய அள்ளிப் பார்த்தார். ஒவ்வொரு நெல்லிலும் வெள்ளையாக முளை எட்டிப் பார்த்தது. அந்தப் பிடி நெல்லோடு வாசலுக்கு வந்தார்.

வாசலில் நின்ற சாத்தையா என்ற விவசாயி அதைப் பார்த்ததும் தலையில் கை வைத்தார்.

"முளை விட்டிருச்சா சாமி? இன்னைக்கு, விட்டா நாளைக்கு. அதுக்குள்ள விதைச்சாகணும். இல்லேன்னா அழுகிப் போயிரும்."

"விதைத்துவிடுங்களேன்."

"எங்க விதைக்க? தண்ணிக்குள்ளயா? நாத்தங்காலே கண்ணுக்குத் தெரியல."

பக்கத்தில் இருந்த அவர் மனைவி பொன்னழகு எழுந்து மாட்டை அவிழ்த்தாள்.

"விதையே போச்சுன்னா இங்க என்னய்யா இருக்கு? கிழக்கே எங்கக்கா ஊருக்குப் போயிருவோம். எல்லாருமே கிளம்ப வேண்டியதுதான்."

ஆதிமூலத்துக்கு அந்த இடத்தில் நிற்க முடியவில்லை. தன் காவலில் இருந்த விதை அது. நேரே முற்றத்துக்குப் போய் மண்வெட்டியை எடுத்தார். சேற்றை வெட்டி வெட்டி மதிலுக்கு வெளியே எறிந்தார். அழுதுகொண்டே எறிந்தார்.

அம்மையார் அருகில் வந்து நின்றார்.

"தாயே, விதையும் போயிற்று, முற்றமும் போயிற்று. ஊரும் போகப் போகிறது. இந்த வெள்ளத்தில் ஒரு நன்மை உண்டா? ஒன்றே ஒன்று சொல்லுங்கள்."

"மண்வெட்டியைக் கீழே வையுங்கள்."

"முதலில் பதில் சொல்லுங்கள்."

"நல்ல வண்டலை இப்படி வெளியே எறிந்துகொண்டிருந்தால் நான் என்ன பதில் சொல்வது?"

ஆதிமூலத்துக்குப் புரிந்தது. புரிந்ததும் மண்வெட்டியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"இது தவம் செய்கிற முற்றம், தாயே."

"ஆமாம்."

"இங்கே உழவு செய்வதா?"

அம்மையார் காவிச் சேலையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றுக்குள் இறங்கினார். நடுமுற்றம்வரை போய் நின்று வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"சாத்தையா! எல்லோரையும் கூட்டிக்கொண்டு உள்ளே வா."

வாசலில் ஒருவரும் அசையவில்லை. சாத்தையா தன் காலைப் பார்த்தார். பிறகு ஆதிமூலத்தைப் பார்த்தார்.

"கால் அழுக்கா இருக்கு தாயி. கழுவத் தண்ணிகூட இல்ல."

சுற்றிலும் கண்ணுக்கு எட்டிய தூரம் தண்ணீர். அதை வைத்துக்கொண்டு இந்தப் பேச்சு. பொன்னழகுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"அப்படியே வா" என்றார் அம்மையார்.

வந்தார்கள். முதலில் கூச்சத்தோடு, ஓரமாக. சேற்றில் கால் வைத்ததும் கூச்சம் போய்விட்டது. அது அவர்களுக்குத் தெரிந்த இடமாகிவிட்டது. ஒருவர் கதவுப் பலகையைக் கழற்றி அதையே சேற்றை மட்டப்படுத்தும் பரம்பாக்கி இழுத்தார். பெண்கள் முளைவிட்ட நெல்லைக் கூடை கூடையாகக் கொண்டுவந்தார்கள். ஆதிமூலம் மட்டும் தூணில் சாய்ந்தபடி நின்றார். அவரை யாரும் கூப்பிடவில்லை.

சாத்தையா வடகிழக்கு மூலையில் விதையைத் தூவக் கையை ஓங்கினார்.

"அங்கே வேண்டாம்!"

கத்தியது ஆதிமூலம்தான். அவருக்கே அது திடுக்கென்றிருந்தது.

"அந்த மூலை பள்ளம். மழை பெய்தால் தண்ணீர் அங்கேதான் தேங்கும். விதை மூழ்கிவிடும்."

"பாத்தா மட்டமாத்தான சாமி தெரியுது?"

"தினமும் வாரியவனுக்குத் தெரியாதா? மண்ணை அணைத்து முதலில் மேடாக்கு. தள்ளு, நான் காட்டுகிறேன்."

சொல்லிக்கொண்டே இறங்கிவிட்டார். அன்று மாலைக்குள் முற்றம் முழுக்க விதைத்தாயிற்று. இடம் போதாமல் அம்மையார் பாடம் சொல்லும் மண்டபத்திலும் சேற்றைப் பரப்பி விதைத்தார்கள். பொன்னழகு மாட்டை மறுபடியும் கட்டினாள்.

பிறகு வந்த நாட்களில் மடத்தில் பூசைகூட நாற்று வேலைக்குப் பிறகுதான் நடந்தது. குருவிகள் விதையைக் கொத்த வந்தன. அவற்றைத் துரத்தும் வேலையை ஆதிமூலம் யாருக்கும் விட்டுத் தரவில்லை. மழை இறங்கினால் தென்னை ஓலையைத் தூக்கிக்கொண்டு ஓடினார். துறவிக்கு ஆகாத வார்த்தைகள் ஒன்றிரண்டு குருவிகளின் மேல் விழுந்ததை அம்மையார் காதில் வாங்காததுபோல இருந்துவிட்டார்.

நாற்று பச்சையாக எழுந்து நின்றது. கீழே தண்ணீர் வடிய நாளானது. நாற்று முற்றிவிட்டால் நடவுக்கு ஆகாது. ஊர் முழுக்க மதில்மேல் ஏறி நின்று தண்ணீரையே பார்த்தது. கடைசியில் ஒரு காலை, வரப்புகள் ஒவ்வொன்றாகத் தலை காட்டின. சாத்தையா போட்ட கூச்சலில் மடத்து மணியோசைகூடக் கேட்கவில்லை.

அன்றே நாற்றுப் பறித்தார்கள்.

நகரத்துப் பெரிய மடத்தின் தலைவர் அந்த நேரத்தில்தான் வண்டி நிறைய அரிசி மூட்டைகளோடு வந்து இறங்கினார். வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்று உள்ளே பார்த்தார். முற்றம் நிறைய ஆட்கள். ஆணும் பெண்ணும் வரிசையாகக் குனிந்து நாற்றுப் பறித்துக்கொண்டிருந்தார்கள். நாற்றுமுடிகள் கைமாறி வாசலுக்குப் போய்க்கொண்டிருந்தன. யாரோ பாட்டெடுக்க, எல்லோரும் சேர்ந்து பாடினார்கள்.

"எவ்வளவு பேர்பெற்ற முற்றம், அம்மா! இப்படி ஆகிவிட்டதே" என்றார் பெரியவர்.

"அரிசி கொண்டுவந்தீர்கள். மிகவும் நன்றி. நடவு ஆட்களுக்கு இன்றைக்குச் சோறு வேண்டும்" என்றார் அம்மையார்.

"ஆதிமூலத்தைப் பார்த்து ஆறுதல் சொல்லத்தான் முக்கியமாக வந்தேன். அந்த மணல்மேல் உயிரையே வைத்திருந்தாரே. எங்கே அவர்? உள்ளே முடங்கிக் கிடக்கிறாரா?"

"இங்கேதான் இருக்கிறார்."

பெரியவர் வரிசையைக் கூர்ந்து பார்த்தார். எல்லா முதுகிலும் சேறு. எல்லார் கையிலும் நாற்று.

"இதில் உங்கள் சீடர் யார்?"

அம்மையார் வரிசையை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை பார்த்தார். அவருக்கு நெஞ்சு நிறைந்துபோயிருந்தது.

"எனக்கும் அடையாளம் தெரியவில்லை, சுவாமி. அவர் மடத்துக்கு வந்த நாளிலிருந்து இதற்காகத்தான் காத்திருந்தேன்."

சாத்தையாவுக்கும் பொன்னழகுக்கும் நடுவில் குனிந்திருந்தவருக்கு அது கேட்டது. அவர் நிமிரவில்லை. கையில் இருந்த நாற்றை முடிந்து பக்கத்துக் கையில் கொடுத்துவிட்டு, அடுத்த பிடிக்குக் கை நீட்டினார்.