அஞ்சலாட்சி நின்ன எடம்

ஒரு ஊர்ல ஒரு பனைமரம் இருந்துச்சு. என்னடி சிரிக்கிற? ராசாவும் இல்ல, ராணியும் இல்ல, பனைமரந்தான். கடலோரக் குப்பம் அது. ஒத்தப் பனைமரம், சுத்தி மணலு, மணல்ல ஒரே மாதிரி ஓலைக் குடிசைங்க. "ம்" கொட்டு. நீ கொட்டாட்டி பெரியம்மா தூங்கிடுவேன்.

"ம்."

அங்க தேசப்பன்னு ஒருத்தன், அவன் பொண்டாட்டி அஞ்சலாட்சி. அந்த வருஷம் கரையோரம் மீனே இல்ல. வலையை இழுத்தா வெறும் பாசி. அமாவாசைக்குள்ள மீன் படலைன்னா குப்பத்தையே காலி பண்ணிடறதுன்னு ஊர்க்கூட்டத்துல சொல்லிட்டாங்க. அஞ்சலாட்சிக்கு அழுகையா வந்துச்சு. அவ பொறந்ததும் அங்கதான், வாக்கப்பட்டதும் அங்கதான்.

அப்போ ஒரு நாள் தேசப்பன் கட்டுமரத்துல ரொம்பத் தூரம் போயி தூண்டிலைப் போட்டான். வெடுக்! வெடுக்! அத்தனையும் சங்கரா மீனு. அடியில பாறை இருக்கு. கடலுக்கடியில இருக்கிற அந்த மாதிரி பாறைக்குப் பேரு 'பாரு', மீன் அங்கதான் குடியிருக்கும். ஆனா மறுபடி எப்படி வர்றது? கடல்ல தெருவா இருக்கு? கரையைத் திரும்பிப் பாத்து, எந்த ரெண்டு சாமான் நேரா நிக்குதுன்னு மனசுல வச்சுக்கணும். இவன் பாத்தான். பனைமரம் தெரிஞ்சுது. அதுக்கு நேர் முன்னாடி ஒரு செவலை மாடு. அதையே அடையாளமா வச்சுக்கிட்டான், வெவரம் கெட்டவன்!

"மாடு போயிடுமே?"

போயிடுச்சு! மறுநாள் இவன் கடல்ல சுத்து சுத்துன்னு சுத்துனான். அப்புறம் ஒரு நாள் தட்டுத் தடுமாறி அதே பாருக்கு வந்தான். இந்தத் தடவ பனைக்கு நேரா கரையில ஒரு கட்டுமரம். மறுநாள் அதை யாரோ கடலுக்குத் தள்ளிட்டாங்க. மூணாவது தடவ பனைக்கு நேரா செவப்பா ஒண்ணு படபடன்னு ஆடுச்சு. வீட்டுக்கு வந்தா, அஞ்சலாட்சி அதைத்தான் மடிச்சுக்கிட்டு இருந்தா. அவ காயப்போட்ட பொடவை!

"அடிப்பாவி, எடுத்துட்டியா!" தலையில கைய வச்சு உக்காந்துட்டான். பாரு இருக்கிற எடத்தைப் பொண்டாட்டிகிட்டகூடச் சொல்ல மாட்டாங்க, இவன் மாட்டுலேருந்து பொடவை வரைக்கும் அத்தனையும் வாய்விட்டுச் சொல்லிட்டான். விடிஞ்சா அமாவாசை.

"காயப்போட்ட எடம் எனக்குத் தெரியாதா? கொம்பு நட்டா காத்துல சாஞ்சிடும். நானே பொடவையைப் புடிச்சுக்கிட்டு நிக்கிறேன்"ன்னா அவ. "ஆனா ஊருல இருக்கிற கட்டுமரம் அத்தனையும் உன் கூட வரணும்."

"நான் கண்டுபிடிச்ச பாருடி!"

"நீ ஒருத்தன் தின்னா ஊரு நிக்குமா?"

அவன் எழுந்து போயி குடிசை குடிசையா சொல்லிட்டு வந்தான். விடிஞ்சதும் எல்லாக் கட்டுமரமும் கெளம்புச்சு, ஏலேலோ ஐலசா! இவ மணல்ல கைய ஒசத்தி நின்னா. வெயில் சுள்ளுன்னு அடிக்குது. கால் கொதிக்குது. "என்னடி, கொக்காட்டம் நிக்கிற?"ன்னு பொம்பளைங்க சிரிச்சாங்க. அவ அசையல. தூங்கிட்டியா?

"ம்... இல்ல."

பொழுது சாயறப்போ மரமெல்லாம் திரும்புச்சு. மீன் பாரத்துல ஒவ்வொண்ணும் தண்ணியோட தண்ணியா வந்துச்சு. சளப்பு சளப்புன்னு கரையெல்லாம் மீனு. சிரிச்சவங்களே ஓடிவந்து அவ கையைப் புடிச்சு எறக்கி விட்டாங்க. ஊர்ப் பெரியவரு, "ஊரு இங்கயே இருக்கும் தாயி, நாளைக்கும் நிக்கிறியா?"ன்னாரு.

அஞ்சலாட்சி காலைத் தேச்சுக்கிட்டே சொன்னா, "நாளைக்கு என்னால ஆகாது. நான் நின்ன எடத்துல, கடல்லேருந்து பளிச்சுன்னு தெரியற மாதிரி சுண்ணாம்பு அடிச்ச வீடா ஒண்ணு கட்டிக் குடுங்க. வீடு மேயப் போவாது."

எல்லாரும் கொல்லுன்னு சிரிச்சாங்க. ஆனா கட்டிக் குடுத்தாங்க. அந்தக் குப்பத்துல வருஷா வருஷம் ஆம்பளைங்க அவங்கவங்க வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கிறாங்களோ இல்லையோ, அஞ்சலாட்சி வீட்டுக்கு மொத ஆளா வந்து அடிச்சுட்டுப் போவாங்க. அவ கட்டில்ல உக்காந்துக்கிட்டு, "அந்த மூலை விட்டுப் போச்சு பாரு"ன்னு அதட்டுவா.

கதை கரை ஏறிடுச்சு, கண்ணை மூடு.