தாயாரின் கழுத்தில் நெறி

"தை மாசமே எனக்குத் தெரியும், தாயே. ஏன் சொல்லலன்னு கேளுங்க."

உலகம்மாள் இப்படி வந்து நின்றபோது மடத்துத் தலைவி வேலம்மைத் தாயார் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். நாலு வாய்க்கு மேல் இறங்கவில்லை. கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

போன மாதம் தாயார் மயங்கி விழுந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். நேற்றுதான் முடிவு சொன்னார்கள். சிறுநீரகத்தில் புற்றுநோய். அங்கிருந்து கழுத்தில் நெறி கட்டுகிற இடம் வரைக்கும் பரவிவிட்டது. அறுத்தெடுத்தால் தீர்ந்தது என்கிற கட்டம் தாண்டிவிட்டது, மாத்திரையால் கொஞ்சம் தள்ளிப்போடலாம் என்றார் டாக்டர்.

உலகம்மாளுக்கு அறுபத்திரண்டு வயது. தாயாரைவிட எட்டு வயது மூத்தவள். முப்பத்தோரு வருஷம் அரசாங்க ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்துவிட்டு, ஓய்வு பெற்ற மறுவாரமே தாமிரபரணிக் கரையில் இருந்த இந்த மடத்துக்கு வந்து சேர்ந்தவள்.

அந்த மடத்தில் ஒரு கட்டுப்பாடு உண்டு. உள்ளே வருகிறவர் தன் தொழிலை வாசலோடு விட்டுவிட வேண்டும். அதைப் பற்றிப் பேச்சும் கூடாது.

லேசுப்பட்ட கட்டுப்பாடு இல்லை. தச்சராயிருந்த சுப்பையா ஆடுகிற பெஞ்சில் ஏழு வருஷம் ஆடிக்கொண்டேதான் சாப்பிட்டார். அதில் ஒரு ஆணி அடிக்க அம்பாசமுத்திரத்திலிருந்து ஆள் வந்தது. மடத்தைப் பார்க்க வந்தவர்கள் இதைக் கேட்டு மெய்சிலிர்த்துப் போவார்கள்.

உலகம்மாளுக்குக் கொடுத்த வேலை இரண்டு. தாயாரின் காவிச் சேலையைத் துவைப்பது. வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவது.

"கேளுங்க தாயே" என்றாள் மறுபடியும்.

"சொல்லுங்க."

"ஐப்பசியில சேல தொவைக்கையில தண்ணி கூடுதலாச் செவந்துது. காவிச் சாயம் போகுதுன்னு நெனச்சேன், மூத்திரத்துல போன ரத்தம்னு தோணல. அதையாவது விடுங்க. தை மாசம் எண்ணெய் தேய்க்கையில கழுத்துல கை பட்டுது. சுண்டைக்காய் அளவு. கல்லு மாதிரி. லேசா அமுக்கினேன். நீங்க மொகம் சுளிக்கல. வலிக்காத கட்டிதான் பொல்லாததுன்னு என் கைக்குத் தெரியும்."

"பெறகு?"

"நர்ஸ வாசல்லயே விட்டுட்டு வந்தாச்சேன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன்."

கஞ்சிக் கிண்ணத்தை ஓரமாக நகர்த்தி வைத்தாள்.

"பெருமையா இருந்துது, தாயே. அதச் சொல்லத்தான் வந்தேன். பழச அவ்வளவு சுத்தமா விட்டுட்டேனேன்னு பெருமையா இருந்துது."

உட்கார்ந்து அழுதாள். தாயார் தடுக்கவில்லை.

"எனக்கு ஏதாவது தண்டனை குடுங்க."

"உங்க விரல் நின்னுது" என்றார் தாயார்.

"என்னது?"

"தை மாசம், ரெண்டாவது வெள்ளி. கழுத்துல விரல் நின்னுது. பெறகு அமுக்கிச்சு. எண்ணெய் தேய்க்கிற கை அப்படி அமுக்காது. இது ஆஸ்பத்திரிக் கைன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. என்னன்னு கேக்க வாய் வரைக்கும் வந்துது."

"கேட்டிருக்கலாம்லா!"

உலகம்மாள் அந்த மடத்தில் குரலை உயர்த்தியது அதுதான் முதல் தடவை.

"கேட்டா, நான் போட்ட கட்டுப்பாட்ட நானே ஒடச்ச மாதிரி ஆயிரும். அத மெச்சிப் பேச வெளிய நாலு பேரு உக்காந்திருந்தாங்க."

கஞ்சி ஆடை கட்டிவிட்டது.

"மறைக்காமச் சொல்லுங்க. அப்பவே போயிருந்தாப் பொழச்சிருப்பேனா?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். இரண்டு பேருக்குமே பாரம் குறைந்துவிடும். உலகம்மாளுக்கு அந்த ஆசை வராமல் இல்லை.

"தையில கழுத்துக்கு வந்தாச்சு. அப்பப் போயிருந்தா, இன்னும் கொஞ்ச நாள் கூடக் கெடச்சிருக்கும்."

"ஐப்பசியில?"

"அந்தச் செவப்பத் தண்ணியோட கொட்டாமப் பாத்திருந்தா..." தாயாரை நிமிர்ந்து பார்த்தாள். "ஒரு பக்கத்துக் கிட்னிய எடுத்துட்டு, ரொம்ப வருஷம் இருந்திருக்கலாம்."

தாயார் தலையை ஆட்டினார். கண் நிறைந்திருந்தது.

"எனக்குச் சாகப் பயமா இருக்கு, உலகம்மா. ஊருக்கெல்லாம் எவ்வளவு சொல்லியிருக்கேன்!"

உலகம்மாள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். நாடி தானாக அவள் விரலுக்கு வந்தது. இந்தத் தடவை அவள் விரலை எடுக்கவில்லை.

மறுநாள் காலை கூடத்தில் அறுபது பேர் இருந்தார்கள். தாயார், தான் வழக்கமாக உட்கார்ந்து பேசும் பலகையில் உலகம்மாளை உட்கார வைத்துவிட்டு, பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். கழுத்தைச் சுற்றியிருந்த துணியை எடுத்தார். கட்டி எல்லோருக்கும் தெரிந்தது.

"இது என்னதுன்னு இவங்களுக்குச் சொல்லுங்க. ஆஸ்பத்திரியில சொல்லுவீங்கள்லா, அப்படியே."

உலகம்மாள் சொன்னாள். முதலில் குரல் நடுங்கியது. போகப் போக முப்பத்தோரு வருஷத்துக் குரல் வந்துவிட்டது. சிவந்த தண்ணீரைச் சொன்னாள், வலிக்காத கட்டியைச் சொன்னாள். தான் வாயை மூடிக்கொண்டிருந்ததையும், அதில் பட்ட பெருமையையும் சொன்னாள்.

முன்வரிசையில் ஒருவர், "எல்லாம் விதி, தாயே" என்று ஆரம்பித்தார்.

"கொஞ்சம் சும்மா இருங்க" என்றார் தாயார்.



பெண்கள் வரிசையின் கடைசியில் செண்பகவடிவு எழுந்தாள். ஒன்பது வருஷமாக மடத்துக்குப் பூக்கட்டுகிறவள். எதற்கும் வாய் திறக்காதவள் என்று அங்கே நல்ல பேர். சேலையை மார்போடு சேர்த்து ஒரு கையால் இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"சிஸ்டர்" என்றாள். "கொஞ்சம் உள்ள வாரீங்களா?"